தன் அறை வாசலில் நின்ற முதல்வர்

எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்காக நடக்கும் நிகழ்ச்சிகளில் மாணவர்கள் இருக்கக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. அது தானாகவே அப்படி அமைந்துவிடும். விளையாட்டு விழா என்றால் மைதானத்தைத் தாளாளரின் கார் சுற்றி வரும். நாங்கள் வகுப்பறை ஜன்னலில் நின்று கைதட்டுவோம். ஆண்டு மலர் என்றால் அட்டையில் முதல்வர் சிரிப்பார், நடுப்பக்கத்தில் முதல்வர் யோசிப்பார், பின்னட்டையில் முதல்வர் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஆகவே ‘மாணவர் அவதாரக் கண்காட்சி’ என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தபோது நாங்கள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மாணவர் என்று தலைப்பிலேயே இருக்கிறது, அப்படியானால் நமக்கு வேலை இல்லை என்று கேன்டீனுக்குப் போய்விட்டோம்.

எல்லாம் பக்கத்துக் கல்லூரியால் வந்த வினை. தர மதிப்பீட்டுக் குழு அங்கே போனபோது ஒரு சின்ன இயந்திரம் பறந்து வந்து குழுத் தலைவியின் கையில் பூங்கொத்தைக் கொடுத்ததாம். அவர்களுக்கு முதல் தரம் கிடைத்துவிட்டது. அதே குழு அடுத்து எங்கள் கல்லூரிக்கு வருகிறது என்று தெரிந்ததும் முதல்வருக்குத் தூக்கம் போய்விட்டது. “அவன் பூவைப் பறக்க விட்டான். நாம ஆளையே பறக்க விடுவோம்” என்றார்.

ஆளைப் பறக்க விடுவதற்கு மெய்நிகர்க் கண்ணாடி வேண்டும். கண்ணை முழுக்க மூடுகிற கறுப்புப் பெட்டி அது. மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில், வேறோர் உடம்போடு நிற்பது போல இருக்கும். அந்த உடம்புக்குத்தான் அவதாரம் என்று பெயர். கண்ணாடிகள் வந்து இறங்கின. வந்த அன்றே முதல்வர் அவற்றைத் தன் அறையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கண்காட்சி நாளன்றுதான் திறக்கப்படுமாம். அதற்கு முன்னால் திறந்தால் தேய்ந்துவிடுமாம்.

“அப்ப எதை வச்சு சார் பழகறது?” என்று யாரோ கேட்டதற்கு, சோப்பு வந்த அட்டைப் பெட்டிகளில் கண் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளும்படி உத்தரவானது. அன்றிலிருந்து எங்கள் கணினி ஆய்வகத்தில் பெட்டித் தலையோடு ஒரு கூட்டம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நடந்தது. எங்கள் துறைத் தலைவி பக்கத்தில் நின்று ‘மெய்நிகர்ப் பயிற்சி சிறப்பாக நடைபெறுகிறது’ என்று படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். முதல்வர் எதைச் சொன்னாலும் “ஆகட்டும் சார்” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வந்து நாங்கள் கேட்டதில்லை. அதனால் அவருக்கு ஆகட்டும் மேடம் என்றே பெயர்.

இந்த வேலை முழுவதும் என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. நான் மாட்டிக்கொண்டவள். அந்தப் பருவத்தில் அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது யாராவது லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டால், சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட ஓட வேண்டிய பிழைப்பு. அதனால் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு நான்தான் இருந்தேன். அம்மா தேறி வீட்டுக்கு வந்தாள். எனக்கு வருகைப்பதிவு குறைந்துவிட்டது. முதல்வர் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால் இறுதித் தேர்வு எழுதலாம், இல்லாவிட்டால் ஒரு வருஷம் பாழ்.

அப்பா போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். “தங்கமான மனுஷன்மா. உட்கார வச்சுப் பேசினாரு. அம்மா உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சாரு. டீ வேற வாங்கிக் குடுத்தாரு. கண்டிப்பா பண்ணித் தரேன்னு சொல்லியிருக்காரு” என்றார். அம்மா படுத்தபடியே அவரை வாழ்த்தினாள். எங்கள் முதல்வர் டீ வாங்கிக் கொடுப்பாரா என்று எனக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

மறுநாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். “உனக்கு இந்த அவதார வேலை தெரியும்னு சொன்னாங்க. கண்காட்சியை நல்லபடியா முடிச்சுக் குடு. அப்புறம் உன் ஹால் டிக்கெட்டைப் பத்தி யோசிக்கலாம்.”

“சார், அப்பாகிட்ட கண்டிப்பா தரேன்னு…”

“யாரு உங்கப்பா?” என்றார்.

தினமும் எத்தனையோ பேரைப் பார்ப்பவர், மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் மாணவர்கள் ஆளுக்கொரு அவதாரம் செய்துகொண்டோம். வகுப்பில் வாயே திறக்காத ஒருவன் மரமாகியிருந்தான். ஒருத்தி இறக்கை வைத்துக்கொண்டாள். என் சிநேகிதி வாலு மீனாகிவிட்டாள். அவளை வாலு என்று கூப்பிடுவது பிறவிக் குணத்துக்காக. ஆய்வகமே அன்றைக்குத்தான் கலகலவென்று இருந்தது. மறுநாளே ‘அவதார ஒழுங்குக் குழு’ என்று ஒன்றை அமைத்துவிட்டார்கள். முதல்வர் தலைவர், ஆகட்டும் மேடம் செயலாளர். வேறு உறுப்பினர் இல்லை.

குழு முதலில் மரத்தை விசாரித்தது.

“இது ஆணா பெண்ணா?”

“மரம் சார்.”

“அது தெரியுது. எந்தப் பக்கம் உட்காரும்? பசங்க பக்கமா, பொண்ணுங்க பக்கமா?”

மரம் உட்காராது என்று அவன் சொன்னது திமிர் என்று முடிவாகி, மரம் வெட்டப்பட்டது. இறக்கைக்காரி முதல் மாடி வரை பறக்கலாம். இரண்டாம் மாடியில் ஆசிரியர் ஓய்வறை இருப்பதால் அதற்கு மேல் பறக்க முன்அனுமதி வேண்டும். அடுத்து மீன்.

“அடையாள அட்டை எங்கே?” என்றார் ஆகட்டும் மேடம்.

“மீனுக்குக் கழுத்து இல்ல மேடம்” என்றாள் வாலு.

“அதெல்லாம் ஒரு காரணமா? கழுத்து வச்சுக்கோ.”

வாலு மீனுக்குக் கழுத்து வைத்தாள். அட்டை மாட்டினாள். பிறகு சீருடை போடச் சொன்னார்கள், போட்டாள். தலைமுடியைப் பின்னச் சொன்னார்கள். கழுத்தும் சீருடையும் பின்னலும் வந்த பிறகு அது மீனாக இல்லை, வாலுவாகவே ஆகிவிட்டது. இப்படியே எல்லா அவதாரங்களும் ஒரே சட்டை, ஒரே தலைமுடி, ஒரே முகம் என்று ஆனதும், யார் யார் என்று தெரியவில்லை, இதில் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்திருக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

கடைசியில் முதல்வர் ஒரு முடிவுக்கு வந்தார். எங்களை நிற்க வைத்து நிதானமாகப் பேசினார். “நான் ரொம்ப நாளா கவனிச்சிட்டு வரேன். மாணவர்கள் இருக்கிற இடத்துலதான் ஒழுங்கீனம் வருது. அதனால இந்தக் கண்காட்சியில மாணவர் அவதாரம் எதுவும் வேண்டாம். மாணவர்களே இல்லாத ஒரு மாணவர் கண்காட்சி. இது என் நெடுநாள் கனவு.”

“ஆகட்டும் சார்” என்றார் மேடம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மிச்சம் இருந்தது முதல்வரின் அவதாரம் மட்டும்தான். அதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முடி வைத்தேன், போதவில்லை என்றார். இன்னும் வைத்தேன். தொப்பையை எடுத்தேன். தோளை அகலமாக்கினேன். உயரம் போதவில்லை என்றார், உயர்த்தினேன். தலை கூரையில் இடித்தது. குறைக்கட்டுமா என்று கேட்டேன். “என்னை ஏன் குறைக்கிற? கூரையைத் தூக்கு” என்றார். கூரையைத் தூக்கினேன். எல்லாம் முடிந்ததும் திரையில் சிரித்துக்கொண்டிருந்த அந்த ஆணழகனைப் பார்த்து, “இப்பதான் என் சாயல் வந்திருக்கு” என்றார்.

பார்க்க வருகிறவர் மாட்டிக்கொள்ள ஓர் உடம்பு வேண்டுமே என்று கேட்டேன். குழு கூடியது. வருகிறவர் யாராக இருந்தாலும் முதல்வரைவிடக் குள்ளமாக இருக்க வேண்டும், இடுப்பு லேசாக வளைந்திருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. “யாராவது ஒரு பெற்றோர் மாதிரி பண்ணிடு” என்றார் முதல்வர், போகிற போக்கில்.

பேச்சு விஷயத்தில்தான் அவர் தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொண்டார். அவதாரம் தானாகப் பேச வேண்டும். வருகிறவர் ஒன்று கேட்டால் அதற்குப் பொருத்தமான பதிலைத் தேடி எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் பேச்சு நிறைய வேண்டும் என்றேன். முதல்வர் முகம் மலர்ந்தது. அவர் அறையில் ஒரு கேமரா உண்டு; குரலோடு பதிவாகும். தன் பேச்சு காற்றில் போய் வீணாகக் கூடாது என்று அவரே வைத்துக்கொண்டது. பதிவுகளை மொத்தமாக என்னிடம் கொடுத்தார்.

“என் நிர்வாகம் எப்படின்னு உலகம் பார்க்கட்டும். என்னை அப்படியே எடு. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. புரியுதா?”

“புரியுது சார்” என்றேன்.

ஆய்வகத்தில் நானும் வாலுவும் உட்கார்ந்து பார்த்தோம். எவனோ ஒருவனைப் பார்த்துக் கத்துவதும், யாரோ ஒரு தாயை அழ வைப்பதும், நடுவில் போனில் தாளாளரிடம் குழைவதுமாக ஓடிக்கொண்டிருந்தது. வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஏய், இது உங்கப்பாதானே?” என்றாள்.

அப்பாதான். கட்டம் போட்ட சட்டை, தோளில் கருவிப் பை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வெளியே ஒரு நாற்காலி இருந்தது, அதில் ‘அலுவலர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி நின்றார். உள்ளே முதல்வர் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நார் நாராக உரித்து, சுளை சுளையாகச் சாப்பிட்டார். அப்பா கதவைத் தட்டினார். “வெளிய நில்லு” என்றார். அப்பா நின்றார். நான் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சம் மங்குகிற வரைக்கும் அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு உள்ளே கூப்பிட்டார். அப்பா மேசை மேல் கை வைத்துக் குனிந்தார். “மேசையைத் தொடாதே. கையைப் பாரு, கையை” என்றார் முதல்வர். அப்பா கிரீஸ் படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அம்மாவின் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். முதல்வர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உங்க வீட்டுச் சீக்குக்கெல்லாம் என் காலேஜ் லீவு விடுமா?” என்றார். “நாளைக்கு வா” என்றார். “சரிங்க சார்” என்று அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார். நாற்காலியில் உட்காரவில்லை. யாரும் டீ கொடுக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அழுகைகூட வரவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து சொன்ன ஒவ்வொரு பொய்யும் வரிசையாக ஞாபகம் வந்தது. தான் பட்ட அவமானம் எங்கள் காதில் விழக் கூடாது என்று அந்த மனுஷன் டீயையும் நாற்காலியையும் சேர்த்துக் கற்பனை பண்ணியிருக்கிறார்.

“சும்மா விடக் கூடாதுடி” என்றாள் வாலு. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “ஆனா உன் பரீட்சை போயிடும்” என்றாள்.

அதுதான் உண்மை. நல்ல பேச்சாகப் பொறுக்கி எடுத்து நாலு இனிப்பு வார்த்தையை அவதாரத்தின் வாயில் போட்டால் எனக்கு ஹால் டிக்கெட் கிடைக்கும். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதுகூட என் பரீட்சையைப் பற்றித்தான் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். நல்ல பேச்சைப் பொறுக்கலாம் என்று தேடியும் பார்த்தேன். தாளாளரோடு பேசியதைத் தவிர அவர் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கவில்லை. ஒரு வார்த்தை மாற்றாதே என்பது அவர் உத்தரவு. சரி, உத்தரவு உத்தரவாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

வருகிறவரின் உடம்புக்குக் கட்டம் போட்ட சட்டை போட்டேன். தோளில் கருவிப் பை மாட்டினேன். முகத்தை மட்டும் மாற்றினேன். அப்பா முகத்தைக் கூட்டத்துக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கைகளை அப்படியே வைத்தேன். ஆரஞ்சுப் பழத்தையும் வைத்தேன்.

ஒத்திகை அன்றைக்கு முதல்வர் பார்த்துவிடுவார் என்று எனக்கு உதறல்தான். ஆனால் அலமாரி திறக்கவில்லை. முதல்வரே சோப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஆய்வகத்தின் நடுவில் நின்றார். ஓட்டை வழியாக எதிர்ச் சுவரைத்தான் பார்த்திருக்க முடியும். அக்கம்பக்கம் தலையைத் திருப்பி, “பிரமாதம். தத்ரூபமா இருக்கு. அப்படியே நானேதான்” என்றார். ஆகட்டும் மேடமும் ஒரு பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியே நீங்கதான் சார்” என்றார். கண்காட்சிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. அரங்கத்தின் முன்வரிசையில் தாளாளரும் தர மதிப்பீட்டுக் குழுவும் உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவி வயதான அம்மாள். எதற்கும் சிரிக்காத முகம். இந்த ஒரு நாள் கைதட்ட ஆள் வேண்டும் என்பதால் எங்களை உள்ளே விட்டிருந்தார்கள். கண்ணாடிக்குள் தெரிவதெல்லாம் மேடையின் பெரிய திரையிலும் தெரியும்படி செய்திருந்தேன்.

முதல்வர் பேசினார். “இந்தக் கல்லூரிக்கு நான் ஒருத்தன் பத்தல. இதை நான் சொல்லல, பல பேர் சொல்றாங்க. அதனால இன்னொரு என்னை உருவாக்கியிருக்கோம். இனிமே நான் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தாலும் பெற்றோர்கள் எந்த நேரத்திலும் வந்து என் கனிவைப் பெறலாம். அம்மா அவர்கள் முதல்ல அணிந்து பார்க்கணும்னு கேட்டுக்கறேன்.”

குழுத் தலைவி கையை அசைத்துவிட்டார். “எனக்குத் தலை சுத்தும். நீங்களே போட்டுக் காட்டுங்க.”

தன்னைப் பார்க்கும் பாக்கியம் தனக்கே கிடைத்ததில் முதல்வருக்கு மகிழ்ச்சிதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையில் அவருடைய அறை வாசல் தெரிந்தது. சுவரில் எழுத்துகள் வந்தன: ‘நீங்கள் ஒரு தந்தை. உங்கள் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மகள் ஆஸ்பத்திரியில் துணையிருந்ததால் வருகைப்பதிவு குறைந்துவிட்டது. அவள் தேர்வு எழுத முதல்வரிடம் அனுமதி கேளுங்கள்.’ முதல்வரின் புது உடம்பான கட்டம் போட்ட சட்டைக்காரர் இடுப்பு வளைந்து வாசலில் நின்றார்.

“உள்ளே வரலாமா?” என்றார் முதல்வர் கொஞ்சலாக.

“வெளிய நில்லு” என்றது அவதாரம்.

கூட்டம் சிரித்தது. முதல்வரும் சிரித்தார். “பாத்தீங்களா, என்ன கம்பீரம்!” என்றார். நின்றார். அவதாரம் ஆரஞ்சுப் பழத்தை எடுத்தது. நார் நாராக உரித்தது. முதல்வர் காலை மாற்றி நின்றார். நாற்காலியைத் தேடினார், எழுத்தைப் படித்தார், உட்காராமல் நின்றார். கையைப் பார்த்தார். “என்ன இது, கையெல்லாம் கறுப்பா இருக்கு” என்று தன் கோட்டிலேயே தேய்த்தார். அவதாரம் இன்னொரு சுளையை வாயில் போட்டது.

“கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்” என்றார்.

“வெளிய நில்லுன்னு சொன்னது காதுல விழல?”

இந்தத் தடவை முதல்வர் சிரிக்கவில்லை. ஒருவழியாகக் கதவு திறந்தது. மேசையில் கை வைத்துக் குனிந்து, “என் பொண்ணு பரீட்சை எழுத அனுமதி வேணும்” என்றார்.

“மேசையைத் தொடாதே. கையைப் பாரு, கையை.”

எங்கள் முதல்வருக்கு ஒரு குணம் உண்டு. எந்த வாக்குவாதத்திலும் தோற்க மாட்டார், அதுவும் தாளாளர் எதிரில் தோற்கவே மாட்டார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

“கை கறுப்பா இருந்தா என்னய்யா? உழைக்கிற கை!”

அரங்கம் கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“என் பொண்ணு அவ அம்மாவைப் பார்த்துக்கிட்டு ஆஸ்பத்திரியில இருந்தா. அது தப்பா?”

“உங்க வீட்டுச் சீக்குக்கெல்லாம் என் காலேஜ் லீவு விடுமா?”

“என்னய்யா பேச்சு இது? பெத்த தாய் படுத்துக் கிடக்கறப்ப பக்கத்துல பொண்ணு இருக்காம நீயா வந்து இருப்ப?”

பலத்த கைதட்டல். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அது வாலுவாகத்தான் இருக்கும்.

“உன்ன மாதிரி ஆளுங்களை நான் தினம் பாக்கறேன்” என்றது அவதாரம்.

“உன்ன மாதிரி ஆளை நான் என் ஆயுசுக்கும் பார்த்ததில்ல!” என்று கத்தினார் முதல்வர். “நீயெல்லாம் மனுஷனா? உனக்கு யாருய்யா இந்த நாற்காலியைக் குடுத்தது? குடுத்தவனைச் சொல்லணும்!”

முன்வரிசையில் தட்டிக்கொண்டிருந்த தாளாளர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் யாருன்னு தெரியுமா? நான்தான்யா பிரின்சிபால்!”

“நீ யாரா வேணா இரு. இங்க நான்தான்.”

அவர் வாயை அடைத்த பேச்சு எல்லாமே அவருடைய பேச்சு. கோபம் இறங்கி, குரல் இறங்கி, கடைசியில் கை இரண்டையும் கூப்பினார். “ஐயா, அந்தப் பொண்ணை எழுத விடுங்க ஐயா. ஒரு கையெழுத்துதானே. அவ வருஷம் வீணாப் போயிடும்” என்றார். குரல் உண்மையாகவே உடைந்தது.

“நாளைக்கு வா” என்றது அவதாரம்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை. அரங்கமே எழுந்து நின்று தட்டியது. தான்தான் ஜெயித்ததாக நினைத்து அவர் மூன்று பக்கமும் குனிந்து வணங்கினார்.

குழுத் தலைவி தட்டவில்லை. “அந்த உள்ளே இருக்கிற ஆளோட பேச்சு எவ்வளவு கொடூரமா இருக்கு! யாரு எழுதினது?” என்று கேட்டார்.

நான் எழுந்தேன். “யாரும் எழுதல மேடம். எல்லாம் சார் அவரோட அறையில பேசினது. ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு சார் சொன்னாரு. மாத்தல.”

முதல்வர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் இன்னும் ஆரஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த அப்பா யாரு?” என்றார் குழுத் தலைவி.

“எங்கப்பா. லிஃப்ட் மெக்கானிக். பொண்ணு நான்தான்.”

அவர் முதல்வர் பக்கம் திரும்பினார். “இப்ப கை கூப்பிக் கேட்டீங்களே, அது உங்க கருத்தா? இல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் சொன்னதுதான் உங்க கருத்தா?”

முதல்வர் என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போதும் அப்பாவை ஞாபகம் வரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அதில்தான் ஆத்திரம் அதிகம். செய்தது ஞாபகம் இருந்து வெட்கப்பட்டிருந்தால்கூட என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

“கூப்பினதுதான் மேடம்” என்றார்.

“அப்ப போடுங்க கையெழுத்து.”

“ஆகட்டும் மேடம்” என்று சொல்லிவிட்டு ஆகட்டும் மேடம் அலுவலகத்துக்கு ஓடினார். அந்த மேடையிலேயே, எல்லோர் முன்னாலும், முதல்வர் என் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார். நான் பரீட்சை எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். மதிப்பீட்டுக் குழு போனதும் தாளாளர் முந்திக்கொண்டார். கல்லூரித் தலைமை தன் குறையைத் தானே மேடையேற்றிக் காட்டித் திருந்திய புதுமை முயற்சி இது என்று அறிக்கைக்குமேல் அறிக்கை அனுப்பினார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாரோ என்னவோ, எங்களுக்கு முதல் தரம் கிடைத்தது. பக்கத்துக் கல்லூரிப் பூங்கொத்து எங்கே, கண்ணீர் விட்டுக் கெஞ்சும் முதல்வர் எங்கே! ஆனால் நாற்காலியைக் கொடுத்தவனைச் சொல்லணும் என்று மைக்கில் கேட்டதைத் தாளாளர் மறக்கவில்லை. “உங்க நிகழ்ச்சி ரொம்ப உருக்கமா இருந்துச்சு. நம்ம நிர்வாகத்துல இருக்கிற எல்லாக் கல்லூரியிலும் நீங்களே போய் நடத்திக் காட்டணும். வாராவாரம்” என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து முதல்வர் ஊர் ஊராகப் போகிறார். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு மேடையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, தன் அறை வாசலில் நிற்கிறார். ஆரஞ்சு தீரும்வரை நிற்கிறார். பிறகு கத்துகிறார், கெஞ்சுகிறார், கும்பிடுகிறார். அவதாரம் ஒருநாளும் இரங்குவதில்லை.

போன வாரம் எனக்குப் போன் வந்தது. நான் இப்போது வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தேன். அப்பா தரையில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு சின்ன உதவி” என்றார் முதல்வர். குரலே தேய்ந்துபோயிருந்தது. “மேடம்கிட்ட கேட்டேன். ஆகட்டும்னு சொல்றாங்க, ஆனா அவங்களுக்கு அது தெரியல. அந்த ஆளு ஒரே ஒரு தடவை கையெழுத்துப் போடற மாதிரி மாத்திக் குடேன். என்னால முடியலம்மா. எவ்வளவு கெஞ்சினாலும் அந்தப் பாவி மசிய மாட்டேங்கறான்.”

“எந்தப் பாவி சார்?” என்றேன்.

“நான்தாம்மா” என்றார்.

அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து, “பாவம், பண்ணிக் குடுத்துடும்மா. பெரிய மனுஷன் கேக்கறாரு” என்றார். அப்பா மன்னித்துவிட்டார் போல. அவர் அப்படிப்பட்டவர்தான், அவருக்கு நெஞ்சில் எதுவும் தங்காது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

“முடியாது சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அப்பாவுக்கு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.